இரண்டாவது பெயர்: ஜனாதிபதித் தேர்தலில் நாம் கேட்கும் கேள்வியும் கேட்க மறக்கும் கேள்வியும்

ஜனாதிபதித் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் நம் ஊர்களில் இரண்டு கேள்விகள் எழும்பும். ஒன்று, எந்தக் கட்சி யாரை நிறுத்தப் போகிறது? மற்றது, அவர் வென்றால் பக்கத்தில் இருக்கப் போவது யார்? பட்டிருப்புப் பாலம் கடந்து பழுகாமம் பக்கம் போனாலும் சரி, எழுவான்கரையில் காத்தான்குடி, ஏறாவூர் என்று முஸ்லிம் ஊர்களில் இஷாவுக்குப் பிறகு கூடும் இடங்களில் காது கொடுத்தாலும் சரி, கதை ஒன்றுதான். "ஆள் வெல்லுவார் காக்கா, அது பிரச்சினை இல்ல. பிரதமர் ஆர் எண்டதுதான் கேள்வி" என்று ஒருவர் தொடங்கினால், தேத்தண்ணி ஆறும் வரைக்கும் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும்.

இந்த இரண்டாவது கேள்விக்கு நம் அரசியல் யாப்பிலே இடமே இல்லை. இலங்கையின் வாக்குச்சீட்டில் துணை ஜனாதிபதி என்று ஒரு பெயர் அச்சாவதில்லை. இருந்தும் 1982 முதல் 2024 வரை நடந்த ஒன்பது ஜனாதிபதித் தேர்தல்களில் பலவற்றை அச்சில் இல்லாத அந்த இரண்டாவது பெயர்தான் ஆட்டிப் படைத்தது. சிறுபான்மைச் சமூகங்களோடு செய்துகொள்ளப்படும் பேரங்களிலும் அதற்கு ஒரு பங்கு உண்டு. அதனால் அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது, அதற்கு என்ன பெறுமதி, அதை நம்பி வாக்குப் போடலாமா என்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவின் சோடி வேட்பாளர்

இந்த ஊகக் கலையின் தாய்வீடு அமெரிக்கா. அங்கே வேட்பாளரைக் கட்சித் தலைவர் தன் அறைக்குள் இருந்து நியமிக்க முடியாது. பெரும்பாலான மாநிலங்களில் 'பிரைமரி' என்ற முன்தேர்தல் நடக்கிறது. கட்சியின் ஆதரவாளர்கள் வாக்களித்து, தேசிய மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகள் யாருக்கு ஆதரவு என்பதைத் தீர்மானிக்கிறார்கள். 1968க்குப் பின் வந்த சீர்திருத்தங்களோடுதான் இந்த முறை முழுப் பலம் பெற்றது. அதற்கு முன் அங்கேயும் கட்சிப் பெரியவர்களின் கைதான் ஓங்கியிருந்தது.

முன்தேர்தலில் வென்றவர் தனக்கு ஒரு சோடியைத் தெரிவு செய்கிறார். அவரே 'ரன்னிங் மேட்', அதாவது துணை ஜனாதிபதி வேட்பாளர். முதலாமவரை மக்கள் தெரிவு செய்ய, இரண்டாமவரை அந்த முதலாமவரே தெரிவு செய்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1960இல் கென்னடி, டெக்சாஸின் லிண்டன் ஜோன்சனைச் சேர்த்துக்கொண்டது தென்மாநில வாக்குகளுக்காக. தன்னிடம் இல்லாததை இரண்டாமவரிடம் தேடி எடுப்பதுதான் அந்தக் கணக்கு. 2024இல் ட்ரம்ப் ஜூலை 15இல் ஜே.டி. வான்ஸை அறிவித்தார். ஜூலை 21இல் பைடன் விலகியதும், முன்தேர்தல் எதுவும் நின்று வெல்லாமலே கமலா ஹாரிஸ் வேட்பாளரானார். ஆகஸ்ட் 6இல் டிம் வால்ஸைத் தன் சோடியாக்கினார். நடுவில் இருந்த இரண்டு வாரமும் அந்நாட்டு ஊடகங்களுக்கு ஊகம்தான் சாப்பாடு.

இது வெறும் அலங்காரப் பதவி என்று எடுத்துவிட முடியாது. அமெரிக்க வரலாற்றில் 9 துணை ஜனாதிபதிகள், மேலே இருந்தவர் இறந்தோ விலகியோ போனதால் ஜனாதிபதியானார்கள். அந்த 9 பேரில் 8 பேரின் பெயரை வாக்காளர் முன்கூட்டியே சீட்டில் பார்த்திருந்தார். ஜெரால்ட் ஃபோர்ட் ஒருவர்தான் விதிவிலக்கு. அவர் இடைநடுவில் நியமிக்கப்பட்டவர்.

மாலைதீவும் இந்தோனேசியாவும்

தூரத்து அமெரிக்காவை விட்டு நமக்குப் பக்கத்தில் பார்த்தால், முன்தேர்தலும் சோடி வேட்பாளரும் இரண்டுமே உள்ள ஒரு முஸ்லிம் நாடு மாலைதீவு. 2023 ஜனவரியில் அங்கே எம்.டி.பி. கட்சிக்குள் நடந்த முன்தேர்தலில், பதவியில் இருந்த ஜனாதிபதி இப்ராஹிம் சாலிஹும் முன்னாள் ஜனாதிபதி முஹம்மத் நஷீதும் மோதினார்கள். சாலிஹ் சுமார் 61 வீதம் பெற்று வென்றார். தோற்றவர் அடங்கிப் போகவில்லை. நஷீதின் ஆட்கள் பிரிந்து தனிக் கட்சி அமைத்தார்கள். செப்டெம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் சாலிஹ் தோற்று முஹம்மத் முயிஸ்ஸு ஜனாதிபதியானார். கட்சிக்குள் ஜனநாயகம் நல்லதுதான், ஆனால் அதன் முடிவை ஏற்கும் மனம் இல்லாவிட்டால் வீடு இரண்டாகும் என்பதற்கு இது சாட்சி.

சோடி வேட்பாளர் விடயத்திலும் மாலைதீவின் அனுபவம் காரமானது. 2008இல் நஷீதுடன் சேர்ந்து நின்ற முஹம்மத் வஹீத், 2012 பெப்ரவரி 7இல் நஷீத் பதவி விலகியதும் ஜனாதிபதியானார். அது விலகலா விலக்கலா என்ற சர்ச்சை நெடுநாள் ஓடியது. அடுத்து வந்த அப்துல்லா யாமீன், 2015 என்ற ஒரே வருடத்தில் இரண்டு துணை ஜனாதிபதிகளைப் பாராளுமன்றம் மூலம் பதவி நீக்கச் செய்தார். சட்டத்தில் எழுதப்பட்ட இரண்டாமவர்கூட முதலாமவரின் நிழலில்தான் வாழ வேண்டியிருக்கிறது.

இந்தோனேசியாவின் கதை வேறு. 2018 ஆகஸ்டில் ஜோக்கோ விடோடோவின் சோடி மஹ்ஃபூத் என்றே எல்லோரும் நம்பினார்கள்; அறிவிப்பு விழாவுக்கான சட்டைக்குக்கூட அவர் அளவு கொடுத்தாயிற்று. கடைசி நேரத்தில் கூட்டணிக் கட்சிகளின் நெருக்குதலால் உலமா சபைத் தலைவர் மஃரூஃப் அமீனின் பெயர் வந்தது. விடோடோ மீது மார்க்கப்பற்றுப் போதாது என்று சொல்லப்பட்ட குற்றச்சாட்டுக்கு அது பதிலாக அமைந்தது; 2019இல் அந்தச் சோடி வென்றது. 2024இலோ பிரபோவோவின் சோடியாக வந்தவர் விடோடோவின் சொந்த மகன் ஜிப்ரான். அவருடைய வயதுக்கு வழிவிடும் தீர்ப்பை வழங்கிய அரசியலமைப்பு நீதிமன்றத்தின் தலைவர், அவருக்கு மாமா முறையானவர். முஸ்லிம் பெரும்பான்மை நாடு என்பதால் அரசியல் தூய்மை தானாக வந்துவிடாது. ஷூறா என்ற சொல்லை மேடையில் உச்சரிப்பது வேறு, கலந்தாலோசனைக்குக் கட்டுப்படுவது வேறு.

இங்கே வேட்பாளரைத் தெரிவது யார்?

இலங்கையில் முன்தேர்தல் என்று ஒன்றும் இல்லை. கட்சியின் செயற்குழுவோ மத்திய குழுவோ கூடும். பல சமயம் அதற்கு முன்னரே விடயம் முடிந்திருக்கும். 2019இல் பொதுஜன பெரமுனவின் வேட்பாளராகக் கோட்டாபய ராஜபக்ஷவை ஆகஸ்ட் 11இல் அறிவித்தவர் அவருடைய அண்ணன் மஹிந்த. ஐக்கிய தேசியக் கட்சியிலோ சஜித் பிரேமதாசவுக்கும் கட்சித் தலைவர் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் இடையே மாதக் கணக்கில் இழுபறி. செப்டெம்பர் 26இல்தான் செயற்குழு சஜித்தின் பெயரை ஏற்றது. தலைமைப் பதவி ரணிலிடமே இருந்தது. 2010இலும் 2015இலும் அன்னச் சின்னத்தில் வந்த 'பொது வேட்பாளர்கள்' கட்சிகளின் தலைவர்கள் மேசையைச் சுற்றி இருந்து பேசி முடித்தவர்கள்.

சில வேளை வேட்பாளரைத் தீர்மானிப்பது கட்சியும் அல்ல. 1982இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியுரிமைகள் பறிக்கப்பட்டிருந்ததால், சுதந்திரக் கட்சி ஹெக்டர் கொப்பேகடுவவை நிறுத்தியது. 1994 ஒக்டோபர் 24இல் தொட்டலங்க கூட்டத்தில் ஐ.தே.க. வேட்பாளர் காமினி திசாநாயக்க குண்டுக்குப் பலியானார். அவர் இடத்துக்கு மனைவி ஸ்ரீமா வந்தார்.

பிரதமர் என்ற நிழல் துணை

துணை ஜனாதிபதி இல்லாத குறையை இங்கே பிரதமர் பதவி நிரப்புகிறது. யாப்பின் 40ஆம் உறுப்புரையின்படி, ஜனாதிபதிப் பதவி இடைநடுவில் வெறுமையானால் பிரதமர் பதில் கடமை பார்ப்பார். ஒரு மாதத்துக்குள் பாராளுமன்றம் தன் உறுப்பினர் ஒருவரை இரகசிய வாக்கெடுப்பில் தெரிவு செய்யும். அவர் எஞ்சிய காலத்தை முடிப்பார். சட்டப்படி பிரதமருக்கு நிச்சய வாரிசுரிமை இல்லை. ஆனால் இதுவரை அப்படி நேர்ந்த இரண்டு தடவையும் பிரதமராக இருந்தவரே ஜனாதிபதியானார்.

முதல் தடவை 1993. அதன் வேர் 1989இல் கிடக்கிறது. ரணசிங்க பிரேமதாச ஜனாதிபதியானதும் பிரதமர் யார் என்று நாடே கேட்டது. லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க என்ற இரண்டு பெரிய பெயர்கள் அடிபட்டன. பிரேமதாச இருவரையும் விட்டு, சத்தம் போடாத டி.பி. விஜேதுங்கவைப் பிரதமராக்கினார். போட்டியாளரைப் பக்கத்தில் வைக்க விரும்பாத தலைவரின் கணக்கு அது. 1993 மே 1இல் பிரேமதாச கொல்லப்பட்டார். ஒரு கிழமைக்குள் விஜேதுங்கவைப் பாராளுமன்றம் போட்டியின்றித் தெரிவு செய்தது. யாருமே ஊகிக்காத மனிதர் நாட்டின் தலைவரானார்.

2005இல் சுதந்திரக் கட்சி கிட்டத்தட்ட அமெரிக்க முறையில் சோடி அறிவித்தது. ஜனாதிபதி வேட்பாளர் மஹிந்த ராஜபக்ஷ, பிரதமர் வேட்பாளர் அநுர பண்டாரநாயக்க. இரண்டு குடும்பங்களையும் சமாதானப்படுத்தும் ஏற்பாடு. நவம்பர் 17இல் மஹிந்த 50.29 வீதத்தால் மயிரிழையில் வென்றார். நான்கு நாளில் பிரதமராகச் சத்தியம் செய்தவர் ரத்னசிறி விக்கிரமநாயக்க. அநுரவின் பெயர் மேடையோடு நின்றது. வாக்குச்சீட்டில் இல்லாத பெயரை எந்த நீதிமன்றத்தில் போய்க் கேட்பது?

2015இல் வாக்கு நிறைவேறியது. ரணிலைப் பிரதமராக்குவேன் என்று மைத்திரிபால சிறிசேன முன்கூட்டியே சொன்னார். ஜனவரி 9இல் இருவரும் ஒரே மாலையில் பதவியேற்றார்கள். ஆனால் 2018 ஒக்டோபர் 26இல் அதே மைத்திரி அதே ரணிலை நீக்கி, தான் எதிர்த்து வென்ற மஹிந்தவைப் பிரதமராக்கினார். பாராளுமன்றக் கலைப்பு யாப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, டிசம்பர் 16இல் ரணில் திரும்பி வந்தார். வாக்குறுதி நிறைவேறுவதும் அது நிலைப்பதும் இரண்டு வேறு விடயங்கள் என்று அந்த ஐம்பத்தொரு நாளும் நமக்குச் சொல்லித் தந்தன.

2019 இன்னும் பெரிய பாடம். கோட்டாபயவுக்கு விழுந்த 69 இலட்சம் வாக்குகளுக்குப் பின்னால் 'பிரதமர் மஹிந்த' என்ற நிச்சயம் இருந்தது. அது நடந்தும் விட்டது. ஆனால் 2022 மே 9இல் மஹிந்த விலகினார். ஜூலையில் கோட்டாபயவும் விலகினார். ஜூலை 20இல் பாராளுமன்றத்தில் ரணிலுக்கு 134, டளஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. முந்திய பொதுத் தேர்தலில் ஓர் ஆசனத்தைக்கூட மாவட்டத்தில் வெல்லாத கட்சியின் தலைவர், தேசியப் பட்டியலால் வந்து, கோட்டாபயவின் எஞ்சிய காலத்தை ஆண்டார். 2019இல் வாக்களித்த எவருடைய ஊகத்திலும் அந்த இரண்டாவது பெயர் இருந்திருக்காது.

கிழக்கின் 'யார் முதலமைச்சர்?'

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் இந்தக் கேள்வி தேசிய மட்டத்தை விட நெருக்கமாகச் சுட்டது 2008இல். மே 10இல் நடந்த கிழக்கு மாகாண சபைத் தேர்தலில், ஒரே வெற்றிலைச் சின்னத்தின் கீழ் இரண்டு எதிர்பார்ப்புகள் போட்டியிட்டன. தமிழ்ப் பக்கத்தில் பிள்ளையான் என்ற சிவநேசதுரை சந்திரகாந்தன், முஸ்லிம் பக்கத்தில் எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லா. ஒவ்வொரு பக்கமும் தன் ஆளே முதலமைச்சர் என்று நம்பி வாக்களித்தது. கூட்டணிக்கு 37இல் 20 ஆசனம் கிடைத்தது. மே 16இல் பிள்ளையான் பதவியேற்றார். அந்த ஒரு கிழமை நம் ஊர்களில் இருந்த கொதிப்பை வயது வந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே சீட்டை இருவருக்கு விற்ற பஸ்ஸில் ஏறிய பயணிகள் தங்களுக்குள் சண்டை பிடித்த கதை அது. சீட்டு விற்றவரிடம் யாரும் போய்க் கேட்கவில்லை.

2012 செப்டெம்பரில் 14, 11, 7, 4, 1 என்று ஆசனங்கள் பிரிந்தபோது, முஸ்லிம் காங்கிரஸின் 7தான் தராசு முள். தமிழரசுக் கட்சியோடு சேர்வதா, அரசோடு சேர்வதா என்று நாட்கணக்கில் பேச்சு நடந்தது. கடைசியில் அரசோடு சேர்ந்தார்கள். கிண்ணியாவின் நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சரானார். 2015 பெப்ரவரியில், கொழும்பில் ஆட்சி மாறிய பிறகு, முஸ்லிம் காங்கிரஸின் ஏறாவூர் ஹாபிஸ் நஸீர் அஹமட் அப்பதவிக்கு வந்தார். 2017 செப்டெம்பரோடு சபையின் காலம் முடிந்தது. அதன் பின் மாகாண சபைத் தேர்தல் நடத்தப்படவே இல்லை. பதவிக்காகப் பிடித்த சண்டையில் பாதியளவு, அந்தச் சபையே இருக்க வேண்டும் என்பதற்காக இரு சமூகமும் பிடித்ததா?

கதிரை கேட்பதும் சட்டம் கேட்பதும்

1988இன் கதையை இங்கே நினைவுகூர வேண்டும். அந்த ஜனாதிபதித் தேர்தலில் பிரேமதாச பெற்றது 50.43 வீதம், ஒவ்வொரு வாக்குக்கும் விலை இருந்த தேர்தல். முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அப்போது வலியுறுத்திக் கேட்டது பதவி அல்ல. ஒரு மாவட்டத்தில் ஆசனம் பெற 12.5 வீத வாக்கு வேண்டும் என்றிருந்த வெட்டுப்புள்ளியை 5 வீதமாகக் குறைக்கச் சொன்னார். தேர்தலுக்கு முன்னரே, 1988 டிசம்பரில், யாப்பின் 15ஆவது திருத்தம் நிறைவேறியது. அடுத்த பெப்ரவரியில் முஸ்லிம் காங்கிரஸ் 4 ஆசனங்களோடு பாராளுமன்றம் போனது.

இதில் இரண்டு நுட்பம் உண்டு. முதலாவது, பொருள் கைக்கு வந்த பிறகுதான் விலை கொடுக்கப்பட்டது. இரண்டாவது, கிடைத்தது ஆளுக்குரிய கதிரை அல்ல, முறைமைக்குரிய மாற்றம். பிரேமதாச போனார், அஷ்ரப் 2000ஆம் ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்தார், அந்த 5 வீதம் இன்றும் இருக்கிறது. நமக்கு மட்டுமல்ல, ஜே.வி.பி. போன்ற சிறிய கட்சிகளுக்கும் அது கதவு திறந்து வைத்தது. கதிரை கேட்டிருந்தால் ஒருவர் இருந்து எழும்பியிருப்பார், அவ்வளவுதான்.

இன்றைய நிலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2024 நவம்பர் 18இல் பதவியேற்ற 21 அமைச்சர்களில் ஒரு முஸ்லிமும் இல்லை என்ற மனக்குறை நம்மிடையே பரவலாகப் பேசப்பட்டது. அது நியாயமான குறைதான். ஆனால் அமைச்சரவை நிறைய முஸ்லிம் பெயர்கள் இருந்த காலங்களிலும் நம் காணிப் பிரச்சினையும் எல்லைப் பிரச்சினையும் தீர்ந்து போகவில்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

சீட்டில் உள்ள இரண்டாவது இடம்

பெரும்பாலான அமெரிக்கர்களுக்கு இல்லாத ஒன்று நமக்கு உண்டு. அங்கே இரண்டாவது பெயரை வேட்பாளர் எழுதுகிறார். இங்கே வாக்காளர் எழுதலாம். விருப்பத்துக்குரிய முதல் வேட்பாளருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று மூன்று விருப்பைக் குறிக்க நம் சட்டம் இடம் தந்திருக்கிறது. யாரும் 50 வீதத்தைத் தாண்டாவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு வாக்களித்த சீட்டுகளில் 2 அல்லது 3 அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அது அவர் கணக்கில் சேரும்.

நாற்பது வருடமாக இது புத்தகத்தில் மட்டும் இருந்தது. 2024 செப்டெம்பர் 21 தேர்தலில்தான் முதல் தடவையாக எண்ணப்பட்டது. முதல் எண்ணிக்கையில் அநுர குமார 56,34,915 (42.31 வீதம்), சஜித் 43,63,035 (32.76 வீதம்). மற்ற எல்லோருக்குமாக விழுந்தவை 33 இலட்சத்துக்கு மேல். இந்த 33 இலட்சம் சீட்டிலும் இருந்து அநுரவுக்குப் போய்ச் சேர்ந்தது 1,05,264, சஜித்துக்கு 1,67,867. கூட்டினால் 2,73,131. அதாவது நூற்றுக்கு எட்டுச் சீட்டுத்தான் இரண்டாவது சுற்றில் பேசியது. மீதி 92 சீட்டும் முதல் சுற்றோடு வாயை மூடிக்கொண்டன.

அந்த 33 இலட்சத்தில் ரணிலுக்குப் போட்ட முஸ்லிம்களும் உண்டு. தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற, நம் மாவட்டத்தின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரனுக்கு விழுந்த 2,26,343 வாக்கும் உண்டு. படுவான்கரையில் அவருக்குப் போட்டவர் தன் சமூகத்தின் குரலை 1 என்ற எண்ணால் சொல்லிவிட்டு, நாட்டை ஆளப் போகிறவர் யார் என்பதை 2 என்ற எண்ணால் சொல்லியிருக்கலாம். 2019இல் ஹிஸ்புல்லாவுக்கு வாக்களித்த 38,814 பேருக்கும் அதே வசதி இருந்தது. "நம்ம ஆளுக்குப் போட்டா வாக்கு வீண்" என்ற பயத்துக்கும், "பெரிய கட்சிக்குப் போட்டா நம்ம குரல் போச்சு" என்ற கவலைக்கும் ஒரே மருந்து அந்த 2 என்ற எண். இரு கரையிலும் அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் குறைவு. வாக்குக் கேட்டு வருகிறவர்கள் '1' மட்டும் போதும் என்று சொல்வதில் அவர்களுக்கு இலாபம் இருக்கிறது, நமக்கு அல்ல.

குறிக்கும் முறையில் கவனம் தேவை. எண் போடுவதானால் 1, 2, 3 என்று எண்ணே போட வேண்டும். புள்ளடி போடுவதானால் ஒருவருக்கு மட்டும் ஒரு புள்ளடி. இரண்டையும் கலக்கக் கூடாது. 1 இல்லாமல் 2 மட்டும் போட்டால் சீட்டு நிராகரிக்கப்படும். 2024இல் நிராகரிக்கப்பட்டவை மட்டும் 3 இலட்சம். பள்ளிவாசல் நிர்வாகமும் பாடசாலைகளின் குடியியல் ஆசிரியர்களும் கட்சி சாராமல் மாதிரிச் சீட்டு வைத்து இதைச் சொல்லித் தரலாம். வயதான உம்மாமாருக்கும் முதல் வாக்குப் போடும் பிள்ளைகளுக்கும் அது பெரிய உதவி.

அடுத்த தேர்தலிலும் பெயர்கள் அடிபடும். பிரதமர் இவராம், அந்த அமைச்சு நமக்காம், ஆளுநர் நம்மவராம் என்று செய்தி வரும். அப்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இது எழுத்தில் இருக்கிறதா? வாக்களிப்புக்கு முன்னரே நிறைவேறக்கூடிய பகுதி ஏதும் உண்டா? இந்த ஆள் போனாலும் நிற்கக்கூடிய சட்டமாகவோ ஏற்பாடாகவோ அது இருக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால், அதைத் தேத்தண்ணிக் கடையோடு விட்டுவிட்டு, நம் கையில் உள்ள சீட்டின் இரண்டாவது இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கத் தொடங்குவோம்.